பாஸ்போர்ட்டை அயர்ன் செய்தவள்

அந்த ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் பாக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூடம் தரைக்குக் கீழே இருந்தது. மேலே பன்னிரண்டு மாடி, முந்நூறு அறை. கீழே ஆறு பெரிய மெஷின், நாலு உலர்த்தி, நடுவில் நீளமாக ஒரு மேசை. மாடிகளிலிருந்து அகலமான தகரக் குழாய் வழியாக அழுக்கு மூட்டைகள் தொப்புத் தொப்பென்று வந்து விழும். அக்கா அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு துணியின் எல்லாப் பைகளிலும் கைவிட்டுத் துழாவிய பிறகே மெஷினுக்கு அனுப்புவாள். மற்றவர்கள் மேலோட்டமாகத் தட்டிப் பார்ப்பதோடு சரி. அவளுக்கு அது ஆகாது. உள்பை, பின்பை, கோட்டுக்குள் தையலோடு தையலாக ஒளிந்திருக்கும் குட்டிப் பை என்று ஒன்றையும் விடமாட்டாள்.

சீப்பு, சாவி, மூக்குக்கண்ணாடி, பாதி கடித்த மிட்டாய் என்று அவள் கைக்கு வராத பொருள் கிடையாது. ஒருமுறை முழுசாக ஒரு பல்செட்டே வந்தது. பல்லுக்குச் சொந்தக்காரர் மாடியிலிருந்து போன் செய்தபோது அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூட யாருக்கும் விளங்கவில்லை. போன் கைமாறிக் கைமாறி அக்காவிடம் வந்தது.

"பல்லத்தான் தேடுறாரு. பல்லே இல்லாம வேற எப்படிப் பேசுவாரு பாவம்" என்று சொல்லி, சுத்தமான துண்டில் சுற்றி மேலே கொடுத்தனுப்பினாள்.

ஆனால் கோட்டுப் பையில் யாருடைய பாஸ்போர்ட்டாவது கிடைத்துவிட்டால் மட்டும் அக்காவுக்குச் சிரிப்பு வராது. பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டு, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறிப் போய் வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் மூச்சே விடுவாள். பத்து வருஷத்தில் அப்படிப் பதினொரு பாஸ்போர்ட். அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது.

அவள் இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தபோது வயது இருபத்தொன்பது. வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் கடையில் வேலை பார்த்தார். மகளுக்கு ஆறு வயது. விமான நிலையத்து வாசலில் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"வேற எது தொலைஞ்சாலும் பரவாயில்லம்மா. அந்தச் சின்னப் புத்தகத்த மட்டும் பத்திரமா வச்சுக்கோ."

அவள் அதை மனசில் ஆணி அடித்த மாதிரி இறக்கிக்கொண்டாள். தங்குவதற்குக் கொடுத்த அறை ஊழியர் விடுதியின் மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டு அடுக்குக் கட்டில், நாலு பெண்கள், ஆளுக்கொரு தகர அலமாரி. அவள் அலமாரியின் பூட்டை ஹேர்பின்னால் தட்டினாலே திறந்துகொள்ளும். அதில் எப்படி வைப்பது? யோசித்து யோசித்து, பாஸ்போர்ட்டைத் தலையணை உறைக்குள் போட்டுவிட்டாள். தலைக்கு அடியில் அதன் விளிம்பு உறுத்தினால்தான் தூக்கமே வரும். எட்டு மாதம் அப்படியே ஓடியது. முதல் லீவுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. போனில் அவள் "ஸ" சொன்னால் காற்றாக வரும். அந்தப் பொக்கை வாயை நேரில் பார்க்க இன்னும் மூன்று வாரம்தான் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது.

அவள் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில் கேன்டீன் பெரியம்மாவுடையது. ஓட்டல் ஊழியர்களுக்குச் சமைக்கும் கேன்டீனில் வேலை. அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். அறையில் எல்லோருக்கும் அவள் பெரியம்மாதான். அன்று படுக்கை விரிப்பு மாற்றும் நாள். காய்ச்சல்காரி மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்த நேரத்தில், பெரியம்மா தன்னுடையதோடு சேர்த்து அவளுடைய விரிப்பையும் உறையையும் உருவி, சலவைக்கு அனுப்பிவிட்டு, புதிசாக விரித்தும் வைத்துவிட்டாள். பாவம் பெண், வந்ததும் சுத்தமாகப் படுக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

தலையணை உறைக்குப் பை கிடையாது. அதை யார் துழாவுவார்கள்?

அக்கா வந்து படுத்தாள். தலைக்கு அடியில் எதுவும் உறுத்தவில்லை. அவ்வளவுதான், காய்ச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். கீழே சலவைக்கூடத்தில் மெஷின் சுற்றி முடித்து நின்றிருந்தது. உறைக்குள் கையைவிட்டு எடுத்தபோது, ஊறிய பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது பாஸ்போர்ட். பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. முத்திரைகள் நீல மேகமாகக் கலைந்திருந்தன. புகைப்படத்தில் அவள் முகம் போய், ஒரு காதும் ஒரு தோடும் மிச்சம் இருந்தன.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். துணி பிரிப்பதோடு அயர்ன் போடுவதும் அவள் வேலை. ஈரமாகச் சுருங்கிய எதைப் பார்த்தாலும் அவள் கைக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். பாஸ்போர்ட்டை இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்து, பட்டுக்கு வைக்கிற மாதிரி சூட்டைக் குறைத்து, மெதுவாக ஓர் இழுப்பு இழுத்தாள். புகைப்படத்தின் மேலிருந்த பிளாஸ்டிக் உருகித் துண்டோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுத்தால், மிச்சம் இருந்த காதையும் தோட்டையும் காணோம். அந்த இடத்தில் ஓட்டல் துண்டின் பூப்போட்ட கரை அழகாக அச்சு விழுந்திருந்தது.

தூதரக அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருந்தவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணில விழுந்துடுச்சுன்னு நிறையப் பேர் கொண்டு வர்றாங்க. நாய் கடிச்சது வந்திருக்கு. குழந்தை கிறுக்கினது வந்திருக்கு. இதென்னம்மா, மேல பூ போட்டிருக்கு?"

"அது துண்டு சார்."

"துண்டா?"

"அயர்ன் பண்ணேன் சார். ரொம்பச் சுருங்கி இருந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கவுன்ட்டர் பெண் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அக்கா அழுதாள். அவள் அழுவதைப் பார்த்ததும் இருவரும் சட்டென்று அடங்கி, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

"சரிம்மா, நம்பர் சொல்லுங்க."

தெரியாது. எந்தத் தேதியில் கொடுத்தார்கள்? தெரியாது. நகல் இருக்கிறதா? இல்லை. தன் பெயரையும் அப்பா பெயரையும் தவிர அவளுக்கு அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. தலைக்கு அடியில் எட்டு மாதம் வைத்திருந்தவள், ஒருநாள்கூடப் பிரித்துப் படித்ததில்லை.

ஊரில் வீட்டுக்காரர் கடைக்கு லீவு போட்டு வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்தார். கடைசியில் நகல் கிடைத்தது, மகளின் கணக்கு நோட்டுக்கு அட்டையாக. அம்மாவின் படத்துக்கு மகள் பச்சைக் கலரில் மீசை வரைந்திருந்தாள். நல்லவேளை, நம்பரின் மேல் வரையவில்லை.

புதுப் பாஸ்போர்ட்டும், அதில் இந்த நாட்டு அனுமதி முத்திரையும் வந்து சேர நாலு மாதம் ஆயிற்று. லீவும் டிக்கெட்டும் போயின. அவள் ஒருவழியாக ஊருக்குப் போய் இறங்கியபோது மகளுக்குப் பல் முளைத்துவிட்டது. வரிசையாக, அழகாக, "ஸ" என்று சுத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடிவந்தது குழந்தை. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் அந்தப் பொக்கை வாய் அவளுக்குக் கிடைக்காமல் போனது போனதுதான். அதற்கு எந்தக் கவுன்ட்டரிலும் மாற்று கிடையாது.

திரும்பி வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். அலமாரிக்குக் கைவிரல் தடிமனுக்குக் கம்பி வைத்த ஒரு பூட்டு வாங்கினாள். பாஸ்போர்ட் அதற்குள், தண்ணீர் புகாத ஜிப் கவருக்குள் போயிற்று. நகல்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று, தங்கையிடம் ஒன்று, கைப்பையில் ஒன்று. போனிலும் படம். நம்பரைப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ராகத்தோடு மனப்பாடம் செய்துவிட்டாள். உலர்த்தியின் சத்தத்துக்குத் தாளம் போட்டு அதை முணுமுணுப்பாள். வெளியே கடைக்குப் போனால் நகல்தான் கூட வரும். அசல் அறையைவிட்டுக் கிளம்பாது.

அறையிலும் யாரையும் சும்மா விடுவதில்லை. சுவர்க் காலண்டரில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் முடிகிற தேதி ஏறிவிட்டது. முடிவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே நச்சரிக்க ஆரம்பிப்பாள். "ஆறு மாசத்துக்குக் கம்மியா இருந்தா பல ஊர்ல ஏத்தவே மாட்டாங்க, தெரியுமா?" எதிர்ப்பக்க மேல்கட்டில் டீச்சர், ஊரில் பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே துணிக் கிடங்கில் கணக்குப் பார்ப்பவள், உடனே செய்துவிடுவாள். பெரியம்மாவிடம்தான் ஒன்றும் வேகாது.

"ஏண்டி பாக்கெட்டு, புருஷன் பிறந்தநாளே எனக்கு ஞாபகம் இல்ல. இதுக்கெல்லாமாடி ஞாபகம் வச்சுக்குவாங்க?"

"உங்க புருஷன் பிறந்தநாள மறந்தா அவரு கோவிச்சுக்குவாரு. இத மறந்தா ஏர்போர்ட்ல நிக்க வச்சுடுவாங்க பெரியம்மா."

"நான் எங்க போகப் போறேன். நீ வேற."

பெரியம்மாவின் பாஸ்போர்ட் பருப்பு டப்பாவில் இருக்கும். சிலசமயம் கட்டிலுக்கு அடியில். ஒருதரம் வாரப்பத்திரிகைக்குள் இருந்து பழைய காகிதத்தோடு போகப் பார்த்தது. அக்காதான் அதைப் பிடித்தாள், நகலும் எடுத்து வைத்தாள். இவ்வளவு நச்சரித்தும் பெரியம்மாவுக்கு அவள்மேல் கோபம் வந்ததில்லை. அந்தத் தலையணை உறையை உருவியது தன் கைதான் என்பதை அவள் மறக்கவே இல்லை. இத்தனை வருஷமும் அக்காவுக்கு மட்டும் சூடாக ஒரு கரண்டி கூடுதலாக விழுந்துகொண்டிருந்தது.

இப்படி இருந்தபோது ஊழியர் அலுவலகத்திலிருந்து ஒரு கிளார்க் அறை அறையாக வந்தான். எல்லோரும் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுமாம். இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்குமாம்.

பெரியம்மா முகம் மலர்ந்து கொடுத்துவிட்டாள். "அப்பாடா, ஒரு தலைவலி விட்டது." டீச்சர் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். நாலாவது கட்டில்காரி ஊரில் லீவில் இருந்தாள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் என்கிட்டயே வச்சுக்கிறேன் சார்."

"தொலைஞ்சு போச்சுன்னா?"

"தொலைச்சதில்ல சார். துவைச்சிருக்கேன். இப்ப அதுவும் இல்ல."

கிளார்க்குக்கு அவள் சொன்னது புரியவில்லை. அவள் தரவில்லை என்று எழுதிக்கொண்டான். போவதற்குமுன் அக்கா அவனை விடாமல், பெரியம்மா, டீச்சர் இருவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டதாக நம்பரோடு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டாள். டீச்சருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. "ஏன்க்கா இப்படி? அவங்க என்ன நம்மள ஏமாத்தவா போறாங்க?"

"ஏமாத்துவாங்கன்னு சொல்லல. அவங்களும் மனுஷங்கதானே. மறந்துபோவாங்க."

மூன்று மாதம் கழித்து ஒரு பகல்வேளையில் பெரியம்மாவின் ஊரிலிருந்து போன் வந்தது. அவள் கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாளை மறுநாள் ஆபரேஷன்.

பெரியம்மா கேன்டீன் வாசலில் கரண்டியோடு நின்றாள். "அந்த மனுஷனுக்கு ஏணில ஏற மட்டும் தெரியும்டி. இறங்கத் தெரியாது. கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன்" என்று திட்டினாள். திட்டத் திட்டக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. அகலமான அந்தக் குரல் அப்படிச் சுருங்கி அக்கா கேட்டதே இல்லை.

டீச்சர் போனிலேயே மறுநாள் மதிய விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். லீவுக்குக் கேன்டீன் மேஸ்திரி கையெழுத்துப் போட்டார். பாஸ்போர்ட்டை வாங்க அக்காதான் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கிளார்க் இல்லை. அன்று காலைதான் பத்து நாள் லீவில் கிளம்பியிருந்தான். அலமாரிச் சாவி அவனிடம். போன் அணைந்து கிடந்தது, விமானத்தில் இருப்பான்.

"பத்து நாள் கழிச்சு வாங்க" என்றாள் அங்கிருந்த பெண், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெரியம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவுக்கு ஒன்று தோன்றியது. ஊருக்குப் போகிறவன் அலுவலகக் கோட்டைச் சலவைக்குப் போட்டுவிட்டுத்தான் போயிருப்பான். சாவி அதில் இருந்தால்? கீழே ஓடினாள். அன்றைக்கு வந்திருந்த ஊழியர் கோட்டுகள் நாற்பத்திரண்டு. எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டி, பை பையாகத் துழாவினாள். அவன் கோட்டும் கிடைத்தது. அதில் ஒரு சீப்பும், உறை பிரித்த இருமல் மிட்டாயும் இருந்தன. சாவி இல்லை. நம்பிக்கை போகாமல் மறுபடி ஒருதரம் எல்லாவற்றையும் துழாவினாள். இல்லை என்றால் இல்லைதான்.

அவள் நேராக மேனேஜர் அறைக்குப் படியேறினாள். ஊழியர்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் பெரிய தலை. அவரும் நம் மொழிக்காரர்தான், ஆனால் சலவைக்கூடத்து ஆள் யாரும் அவர் கதவைத் தட்டியதில்லை. அவள் பேசி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புரியுதும்மா. ஆனா கிளார்க் இல்லாம அலமாரியத் தொட முடியாது. உள்ள நூத்துக்கணக்கில இருக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் யாரு பதில் சொல்றது?"

அக்கா கையெழுத்து வாங்கிய தாளை மேசையில் வைத்தாள். "இது அவங்களோடதுன்னு இதுல இருக்கு சார். வாங்கிக்கிட்டவரு கையெழுத்து இருக்கு, நம்பர் இருக்கு. அது ஒண்ணு போதும்."

"அது சரி. நடைமுறைன்னு ஒண்ணு இருக்கே."

அவள் தாளை மேசையில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். பிறகு கேட்டாள். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க பாஸ்போர்ட் எங்க சார் இருக்கு?"

அவர் கை தன்னால் கோட்டின் உள்பக்கம் போனது.

"தெரியும் சார். இடதுபக்கம், பட்டன் வச்ச பை. உங்க கோட்டுல இருந்து ரெண்டு தடவை நான் எடுத்து மேல கொண்டுபோய்க் குடுத்திருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வரவேற்பு மேசையிலிருந்து கவரில் வந்து சேர்ந்த இரண்டு தடவையும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அதில் ஒருதடவை, மறுநாள் காலையில் அவர் மகனின் பட்டமளிப்புக்குப் பறக்க வேண்டியிருந்தது. யார் எடுத்துக்கொடுத்தது என்று கேட்க வேண்டுமென்று அப்போது நினைத்தார். அப்புறம் வேலையில் விட்டுப்போயிற்று.

"நீங்கதானா அது?" என்றார்.

"என் வேலைதானே சார். பாஸ்போர்ட்ட நீங்க உங்க நெஞ்சுகிட்ட வச்சிருக்கீங்க. அதுல தப்பே இல்ல. அந்தம்மாவுக்கும் அப்படித்தானே இருக்கும்."

அவர் தாளிலிருந்த நம்பரை விரலால் தொட்டு ஒருதரம் படித்தார். பிறகு போனை எடுத்து ஓட்டலின் தச்சரைக் கூப்பிட்டார்.

தச்சர் பூட்டைத் துளைபோட்டுத் திறக்க இருபது நிமிஷம் ஆயிற்று. கதவு திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தது. அலமாரிக்குப் பின்னால் ஏ.சி. குழாய் கசிந்து சுவரோடு ஊறியிருந்தது. பாஸ்போர்ட்டுகள் ரப்பர் பாண்டு போட்டுக் கட்டுக் கட்டாகப் பிஸ்கட் டின்களில் கிடந்தன. பெயர் வரிசையும் இல்லை, ஒன்றும் இல்லை. தச்சர், மேனேஜர், அக்கா மூவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். முதல் டின்னில் இல்லை. இரண்டாவதில் இல்லை. பெரியம்மா வாசலில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது டின்னும் முடிந்தபோது அக்கா தாளை எடுத்து நம்பரை மறுபடி பார்த்தாள். நாமே எங்கோ தப்பாக எழுதி வாங்கிவிட்டோமோ? பிறகு, பார்த்து ஒதுக்கியதில் தடிமனாக இருந்த ஒரு பாஸ்போர்ட்டை விரலால் நெருடிப் பார்த்தாள். ஒன்றில்லை அது, இரண்டு. ஈரத்தில் அட்டையோடு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இத சூடு காட்டாமப் பிரிக்கணும்" என்றாள். வேறு யார் சொன்னாலும் அந்த வார்த்தையில் அவ்வளவு அனுபவம் இருந்திருக்காது. மேனேஜரின் மேசையிலிருந்த ஸ்கேலை நடுவில் விட்டு, மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பிரித்தாள். உள்ளே பெரியம்மாவின் முகம் பத்திரமாக இருந்தது, யாரையோ திட்டப்போகிற மாதிரி. ஒட்டியிருந்த இன்னொன்று ஓர் எலக்ட்ரீஷியனுடையது. அதன் தேதி போன மாதமே முடிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே தெரியாது.

மேனேஜர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, ஊறிய சுவரையும் டின்களையும் ஒருதரம் பார்த்தார். "எல்லாத்தையும் அவங்கவங்ககிட்டயே குடுத்துடலாம்" என்றார் கடைசியில். அந்த வாரமே ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு அத்தனையும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆளுக்கொரு நல்ல பூட்டும் வந்தது. அக்காவையே பக்கத்தில் உட்கார வைத்து, யாருக்கு எப்போது முடிகிறது என்று சொல்லச் சொன்னார். எலக்ட்ரீஷியனுக்குப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அன்றைக்கே லீவு கிடைத்தது.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. மறுநாள் காலையில் அக்காவும் டீச்சரும் பெரியம்மாவை வழியனுப்ப விமான நிலையம் போனார்கள். பெட்டி பெரிய பெட்டி. டீச்சர் அதைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டி, கயிறும் கட்டியிருந்தாள். கவுன்ட்டருக்கு முன்னால் நாலு பேர்தான் பாக்கி.

"பாஸ்போர்ட்டக் கையில எடுத்துக்கங்க பெரியம்மா."

பெரியம்மா பெருமையாகச் சிரித்தாள். "இந்தத் தடவை நீ என்னைக் குறை சொல்லவே முடியாது. பூட்டின பெட்டிக்குள்ள, அடிலயே, புடவைக்கு நடுவுல வச்சிருக்கேன். யாராலயும் எடுக்க முடியாது."

டீச்சர் தலையில் கைவைத்தாள். அக்கா கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தாள். விமான நிலையத்தின் நட்டநடுவில் மூவரும் மண்டியிட்டு டேப்பைக் கிழித்தார்கள். புடவை வந்தது, தைல டப்பி வந்தது, டார்ச் வந்தது, அட்டைப்பெட்டியில் புத்தம்புதிதாக ஒரு ஜோடி ஆண்கள் செருப்பு வந்தது.

"இது எதுக்கு?"

"வழுக்காத செருப்புடி. அடிப்பக்கத்தப் பாரு. அந்த மனுஷனுக்குத்தான். போன மாசமே வாங்கி வச்சேன். அனுப்பலாம் அனுப்பலாம்னு..." செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதாள். "பயமா இருக்குடி பாக்கெட்டு."

அக்காவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து, தன் கழுத்தில் தொங்கிய துணிப்பையைக் கழற்றி, அதில் போட்டு, பெரியம்மாவின் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் தள்ளி நேராக்கினாள்.

"கழுத்த விட்டுக் கழட்டாதீங்க. கவுன்ட்டர்ல குடுத்தீங்கன்னா, திரும்பக் கைக்கு வந்துச்சான்னு பாத்துட்டு நகருங்க. தட்டுல பைய வச்சா, தட்டையே பாத்துக்கிட்டு நில்லுங்க. விமானத்துல முன் சீட்டுப் பையில சொருகாதீங்க. பாத்ரூம் போனாலும் கூடவே வரட்டும். மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது."

கடைசி வாக்கியத்தையும் அவள் அதே குரலில்தான் சொன்னாள், அதுவும் ஒரு விதிமுறை மாதிரி. பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியம்மா தினமும் போன் செய்தாள். ஒருநாள் கணவரிடமே கொடுத்தாள். "உங்களப் பத்தித்தான் இங்க பேச்சே" என்றார் அவர் கூச்சத்தோடு. "இனிமே ஏறமாட்டேன்மா. சத்தியமா. கீழ நின்னு எட்டுற வரைக்கும்தான் அடிப்பேன்." பின்னால் பெரியம்மா, "எட்டாத இடத்த யாரு அடிப்பாங்க, நானா?" என்று கத்துவது கேட்டது. பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. டீச்சரும் அக்காவும் போனை நடுவில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

மூன்று மாதம் பெரியம்மாவின் கட்டில் காலியாகவே இருந்தது. வேறு ஆளைப் போட வந்தபோது அக்கா அதன்மேல் ஈரத்துணி உலர்த்திக் காட்டி அனுப்பிவிட்டாள். கணவர் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு மாலையில் பெரியம்மா மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்தாள். பெட்டியை வைத்தாள். உட்காரக்கூட இல்லை, கழுத்துப் பையைக் கழற்றி அக்காவிடம் நீட்டினாள்.

"இந்தா, நீயே வச்சுக்கோ. உன்கிட்ட இருந்தா எனக்கு நிம்மதி."

அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "முடியாது பெரியம்மா."

"ஏண்டி, எத்தனை பேருக்குப் பாத்துக்கிற? எனக்குப் பாத்துக்கக் கூடாதா?"

"தேதி ஞாபகம் வச்சுக்கிறேன். நகல் வச்சுக்கிறேன். காணோம்னா உங்ககூட ராப்பகலாத் தேடுறேன். ஆனா புத்தகம் உங்களோடது. உங்ககிட்டதான் இருக்கணும்."

"பிடிவாதக்காரி" என்று முணுமுணுத்தபடி பெரியம்மா தன் தகர அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் ஓர் இடம் ஒதுக்கி, பையை வைத்து, கதவைச் சாத்தி, புதுப் பூட்டைப் போட்டாள். ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். இரண்டு அடி நடந்தவள், திரும்பி வந்து இன்னொருதரம் இழுத்துப் பார்த்தாள். சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, "டீ குடிச்சீங்களாடி ரெண்டு பேரும்? மூஞ்சியப் பாத்தா மூணு மாசமாக் குடிக்காத மாதிரி இருக்கு" என்று கேட்டுக்கொண்டே அடுப்புப் பக்கம் போனாள்.